ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் அம்மாவுக்கு

கணபதி, கோயம்புத்தூர்
2 ஜூன் 2024

ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் அம்மாவுக்கு,

வணக்கம். பெயர் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. உங்கள் கதவில் மாவிலைத் தோரணமும் வாசலில் ஸ்டிக்கர் கோலமும் இருப்பதாக என் மகன் சொன்னான். தமிழ் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தாமணி. மின்வாரிய அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். மகன் நவநீதன் பினாங்கில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அங்கேயே காமினி என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். நல்ல பெண். சாம்பாரில் சர்க்கரை போடாத வரைக்கும் எனக்கு அவள் மேல் ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் அவளுக்குப் பிரசவம். வாடகை வீட்டில் எத்தனை காலம் இருப்பது என்று சொந்த வீடு தேடினார்கள். ஆயர் ஈத்தாமில் நீங்கள் குடியிருக்கும் வீடு பிடித்துப்போய்விட்டது. வெளிநாட்டுக்காரர்கள் அங்கே இந்த மாதிரி சின்ன வீடு வாங்கக் கூடாதாம், பெரிய விலை வீடாகத்தான் வாங்க வேண்டுமாம். அதனால் காமினி பெயரில் வாங்குகிறோம். பணம் என்னுடையது, பெயர் அவளுடையது. இருக்கட்டும், எங்கே போய்விடப் போகிறது.

நவநீதன் போட்டோ அனுப்பினான். ஆண்பிள்ளைகள் எடுக்கிற போட்டோவைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. டிவி மாட்டுகிற சுவரை நாலு கோணத்தில் எடுத்திருக்கிறான். சமையலறையை ஓரமாய் ஒன்று. அடுப்பு எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்டால், "ஏம்மா, ஒம்பதாவது மாடியில போயி திசையெல்லாம் பாத்துட்டிருப்பாங்களா?" என்கிறான். ஒன்பதாவது மாடிக்குச் சூரியன் தெற்கிலா உதிக்கிறது?

ஆகவே அந்த வீட்டில் சமைத்துத் துவைத்து வாழ்கிற உங்களையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. காலை வெயில் எந்த அறையில் விழும்? தண்ணீர் எப்போதும் வருமா? துளசிச் செடிக்கு இடம் உண்டா? லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுமா? எனக்கு முழங்கால் சரியில்லை. நடக்கிற தூரத்தில் ஒரு கோயில் இருந்தால் அந்தப் பெயரையும் எழுதுங்கள். நானும் அங்கே வந்துதான் இருக்கப் போகிறேன்.

நீங்கள் வாடகைக்கு இருப்பவர் என்றும் ஆவணிக்குள் காலி செய்துவிடுவீர்கள் என்றும் ஏஜெண்டு சொன்னாராம். உங்களுக்கு வேறு வீடு அமைந்ததா? வீடு மாறுகிற கஷ்டம் எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் கட்டிய இந்தக் கணபதி வீட்டை வாங்கவும் ஆள் பார்த்தாகிவிட்டது, அந்தப் பணம்தான் அங்கே வருகிறது. என் மகள் ஹேமலதாவும் நானும்தான் இங்கே இருக்கிறோம். கல்யாணம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். ஸ்கூல் டீச்சர். கரண்ட் பில்லிலிருந்து, போன வருடம் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்தது வரைக்கும் அவள் கைக்காசுதான். கெட்டிக்காரி, எங்கே விட்டாலும் சமாளித்துக்கொள்வாள்.

நான் எழுதியது நவநீதனுக்குத் தெரியாது. விலாசத்தை ஒப்பந்தக் காகிதத்திலிருந்து எடுத்தேன். என் போன் நம்பரை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். முடிந்தால் பேசுங்கள்.

இப்படிக்கு,
வசந்தாமணி


ஆயர் ஈத்தாம், பினாங்கு
15 ஜூன் 2024

அம்மா,

வணக்கம். என் பெயர் மோகனா. உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, கீழே லெட்டர் பெட்டியைத் திறந்தேன். இந்தியா ஸ்டாம்பு. எனக்கு இந்தியாவில் யாரும் கிடையாது. லிஃப்டிலேயே பிரித்துப் படித்தேன். ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தது, மூடியது. நான் இறங்கவே இல்லை. மறுபடி தரைக்குப் போனபோது ஏறிய சீனப் பாட்டி என் முகத்தைப் பார்த்து, மருந்து ஏதும் வேண்டுமா என்று கேட்டார்.

நான் வாடகைக்கு இருப்பவள் இல்லை அம்மா. இது என் வீடு. வீடு விலைக்கும் இல்லை.

உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுத முயல்கிறேன். என் அப்பா பக்கிரிசாமி நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டத்தை விற்றபோது எங்களைத் தோட்டத்து வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார்கள். நான் ஏற்கெனவே தொழிற்சாலை வேலையில் இருந்தேன். இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டியது நான். மாதாமாதம் பேங்கில் கட்டியதும் நான். வக்கீல் ஆபீஸில் கையெழுத்துப் போடுகிற அன்று, "கல்யாணமாயி போற பொண்ணு பேர்ல வூட்ட போட்டா, வூடு மாப்ள வூட்டுக்கு போயிரும்லா. பையன் பேர்ல போடுங்க" என்றார் அப்பா. எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. தம்பி லோகேஸ்வரன் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தான். கையெழுத்தைப் போட்டுவிட்டு, வெளியே வந்து எனக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங், ஐஸைச் சீவிச் சர்பத் ஊற்றுவார்களே, அது வாங்கிக் கொடுத்தான். கல்யாணம் ஒன்றும் எனக்கு ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் இந்த வீட்டில்தான் இறந்தார்கள். தம்பி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான்.

இரண்டு மாதம் முன்பு தம்பி போன் செய்தான். "அக்கா, வீட்ட நல்லா செஞ்சிருவோம். ஆளு வந்து அளப்பாங்க, கதவ தொறந்து விடுங்க" என்றான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு திரும்பி வரப்போகிறான் என்று நினைத்தேன். பின் அறையைக் காலி செய்து, அவன் பிள்ளைகளுக்கென்று பெயிண்ட் அடித்தேன். மஞ்சள் நிறம்.

அளக்க வந்தவர்கள் யார் தெரியுமா? உங்கள் மகனும் மருமகளும். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளைக்காரி என்று தெரிந்ததும் நாற்காலியில் தலையணை போட்டு உட்கார வைத்தேன். டீ கொடுத்தேன். பாசார் கடைக்கு ஓடிப்போய்ப் பலகாரம் வாங்கி வந்தேன். உங்கள் மகன் அப்பா படம் மாட்டியிருந்த சுவரை அளந்தார். "எத்தன நாள்ல முடியும் தம்பி?" என்றேன். "ஆவணிக்குள்ள முடிஞ்சிருங்க அக்கா" என்றார். நான் கேட்டது கொத்தனார் வேலையை.

தம்பிக்கு நான் இன்னும் போன் செய்யவில்லை. பயமாக இருக்கிறது. நீங்கள் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் பேசினால் கத்திவிடுவேன். தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். விலாசம் மாறிவிட்டது, அது வேறு பிளாக், வேறு ஒன்பதாவது மாடி என்று எழுதுங்கள். வெயிலையும் துளசியையும் என்னிடம் கேட்காதீர்கள்.

மோகனா


கணபதி, கோயம்புத்தூர்
29 ஜூன் 2024

அன்புள்ள மோகனா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. விலாசம் மாறவில்லை அம்மிணி. பிளாக்கும் மாடியும் கதவு எண்ணும் உங்களுடையதுதான். போட்டோவை எல்லாம் மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிவி சுவர் என்று நான் கேலி செய்த சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பாதானே? இன்னொன்றில், ஓரத்தில், டீத் தட்டைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிகிறது. முகம் விழவில்லை. இத்தனை நாள் அந்தக் கையை நான் பார்க்கவே இல்லை.

நவநீதனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் என்னைத்தான் பிடித்தான். "உங்களை யாரும்மா லெட்டர் போடச் சொன்னா?" என்று ஒரே சத்தம். பிறகு அவனுக்கும் குரல் இறங்கிவிட்டது. "அந்தக்கா டெனன்ட்டுன்னுதாம்மா ஏஜெண்டு சொன்னாரு. பலகாரமெல்லாம் குடுத்தாங்கம்மா" என்றான். ஆனாலும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரம் அந்த ஆள் பெயரில் இருக்கிறது, சட்டப்படி நமக்கு இதில் சம்பந்தமில்லை, அக்கா தம்பிக்குள் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்கிறான். அவன் சொல்வதும் நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. காமினி நாலு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லையாம். நீங்கள் வைத்த தலையணையையே சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்கு உங்கள் தம்பி மேல் வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. கூடப் பிறந்தவள் உள்ளே குடியிருக்கும்போதே, அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்கு விலை பேசுகிறவன் என்ன மனுசன்? மூஞ்சியைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாதவனுக்கு வெளிநாட்டு வாழ்வு ஒரு கேடா? என் வாயில் இதைவிட மோசமாக வருகிறது, காகிதத்தில் எழுதக் கூடாது.

உடனே அவனுக்குப் போன் செய்யுங்கள். பயந்தால் காரியம் நடக்காது. யாராவது வக்கீலையும் பாருங்கள். இதனால் எங்களுக்கு நஷ்டம் வந்தாலும் வரட்டும்.

இந்தக் கொடுமையை ஹேமாவிடம் சொல்லி ஒரு பாட்டம் புலம்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்த வீட்டை விற்கப் போவதே அவளுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஸ்கூலில் வேலை வேறு அதிகம். ஆடி போய் ஆவணி வரட்டும், நல்ல நேரமாய்ப் பார்த்து நானே பக்குவமாய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பதிலைப் பார்க்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அன்புடன்,
வசந்தாமணி


ஆயர் ஈத்தாம், பினாங்கு
14 ஜூலை 2024

வசந்தாமணி அக்கா,

தம்பிக்குப் போன் செய்துவிட்டேன். நீங்கள் திட்டியதில் வந்த தைரியம்தான்.

அவன் இல்லை என்று சொல்லவில்லை அக்கா. அதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. ஒரு பொய்யாவது சொல்வான், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். "ஆமாக்கா, விக்கிறேன். இங்க ஒரு வீடு பாத்திருக்கேன், டெபாசிட் பத்தல. நீங்க ஒண்டியா அவ்ளோ பெரிய வீட்ல என்னா செய்றீங்க? நிபோங் திபால்ல சின்னம்மா வீட்ல ரூம் சும்மாதான் கெடக்கு" என்றான். ஏதோ என் நன்மைக்கே செய்கிற குரல். ஏண்டா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "போன்ல சொன்னா நீங்க அழுவீங்க. அடுத்த மாசம் வரும்போது நேர்ல நல்லபடியா சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றான்.

நான் அழவில்லை. பின் அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்ததைச் சொன்னேன். "பெயிண்ட் அடிச்சது நல்லதுதாங்க்கா, வாங்குறவங்களுக்குப் பாக்க நல்லா இருக்கும்" என்றான். அக்கா, இந்தக் கையால் நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை.

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போகவில்லை. மறுநாள் என்னோடு வேலை செய்யும் நூருல் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் அண்ணன் வக்கீல் ஆபீஸில் இருப்பவர். என்னைக் காடியின் முன் சீட்டில் உட்கார வைத்து அங்கே ஓட்டிப்போனாள். வருடக்கணக்காய் என் சம்பளத்திலிருந்து வீட்டுக் கடன் போனது பேங்க்கில் பதிவாக இருக்கிறது. அதை வைத்து, வீட்டை யாருக்கும் மாற்றக் கூடாது என்று நில அலுவலகத்தில் தடை போடலாம் என்றார்கள். தம்பி பெயருக்கு எதிரே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனா ஓடவில்லை. அன்றைக்கு அவன் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவள் நான். இந்தத் தடவை நானே போட்டேன். கேஸ் எப்படிப் போகும் என்று தெரியாது. அது முடிகிற வரைக்கும் இந்த வீட்டை யாரும் வாங்க முடியாது. உங்கள் மகனும்தான். அவர் முன்பணத்தைத் தம்பி திருப்பித்தர வேண்டும் என்று வக்கீல் சொன்னார். காமினியைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா, இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் என்னைவிடப் பெரியவர். எனக்காக உங்கள் மகனிடம் சண்டை போட்டவர். ஆனால் உங்கள் கடிதத்தில் என் தம்பியைத் திட்டிய பக்கத்தைப் படித்துவிட்டு, அதன் கீழேயே ஹேமாவைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். ஆவணி வரட்டும், பக்குவமாய்ச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் தம்பியின் குரல் அக்கா. அடுத்த மாதம் நேரில் சொல்லலாம் என்றானே, அதே குரல்.

தட்டோடு பதித்தவள் அவள். கரண்ட் பில் கட்டுகிறவள் அவள். எனக்காவது முன்பின் தெரியாத நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள். ஹேமாவுக்கு யார் எழுதுவார்கள்?

மன்னித்துக்கொள்ளுங்கள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அவளிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். காலை வெயில் சமையலறையில் விழும். பிறகு நடந்து நடந்து மஞ்சள் அறைக்குப் போகும்.

மோகனா


கணபதி, கோயம்புத்தூர்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மோகனா,

உங்கள் கடிதம் வந்த அன்று உங்களைத் திட்டினேன். யாரோ எவளோ, என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க இவள் யார் என்று தனியாகக் கத்தினேன். கடிதத்தை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் போட்டேன். நானும் உன் தம்பியும் ஒன்றா, நான் பெற்றவள் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். பெற்றவள் என்று எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடவில்லை. காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

நேற்று ஹேமா ஸ்கூல் விட்டு வந்து, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். "ஹேமா, இந்த வீட்டை..." என்று தொடங்கினேன்.

"தெரியும்மா" என்றாள். கத்தி நிற்கவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சித்திரையில நீ பழனிக்குப் போயிருந்தயல்ல. அன்னிக்கு புரோக்கர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டாரு போல. நாந்தான் சுத்திக் காமிச்சேன். காபி போட்டுக் குடுத்தேன். மாடி ஒழுகுமான்னு கேட்டாங்க. ஒழுகாதுங்க, போன வருசந்தான் தட்டோடு பதிச்சோம்னு சொன்னேன்."

மோகனா, நீங்கள் தெரியாமல் டீ கொடுத்தீர்கள். என் மகள் தெரிந்தே காபி கொடுத்திருக்கிறாள். நல்ல வீடுதான் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பியும் இருக்கிறாள். அன்றிலிருந்து நேற்று வரைக்கும் தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். ஏன் என்னைக் கேட்கவில்லை, ஒரு சண்டையாவது போட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். கத்துகிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"நீயா சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள். பீன்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

காலையில் முதல் வேலையாகப் புரோக்கரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வாங்கிக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றேன். நவநீதனிடமும் சொன்னேன். ஒரு தடை உத்தரவு பினாங்கிலிருந்தும் இன்னொன்று கணபதியிலிருந்துமா என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். காமினி பிற்பாடு அவளாகவே கூப்பிட்டாள். வாடகை வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்கிறாளாம். வீடு தானாக வரும்போது வரட்டும் அத்தை என்றாள். சாம்பாரில் அவள் எத்தனை சர்க்கரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

ஹேமாவிடம் போய், விற்கவில்லை, நீ எங்கேயும் போக வேண்டாம் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "சரிம்மா" என்றாள். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழும் என்று கடல் கடந்து கேட்டு எழுதியவள் நான். ஹேமா அறைக்கு வெயில் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் போன பிறகு கதவைத் திறந்து உள்ளே போனேன். சுவரில் ஒரு படம் இல்லை. அலமாரி காலி, கொடியில் இரண்டு புடவை மட்டும். புத்தகம், துணி, அவள் தைக்கிற மிஷின்கூட, எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, மேலே தன் பெயரை எழுதிச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறாள். பெட்டிகள் மேல் தூசி படிந்திருந்தது. எத்தனை நாளாக இப்படிக் கட்டி வைத்துவிட்டு வெறும் கட்டிலில் படுத்து எழுந்தாளோ, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை.

வெயில் அந்தப் பெட்டிகள் மேல்தான் விழுந்திருந்தது. நான் எதையும் அவிழ்க்கவில்லை. அவள்தான் அவிழ்க்க வேண்டும். சாயங்காலம் ஆகிவிட்டது, அவள் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

உங்கள்,
வசந்தாமணி